எதிரொலி காட்டும் இதயம்

நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடற்காப்பு ஆற்றல், சிலருக்குத் தம் உடலையே பகையென மயங்கித் தாக்குகிறது. இளம்பெண்களைப் பெரிதும் பற்றும் 'லூபஸ்' அத்தகைய நோய். மூட்டுவலியும் முகத்தில் செந்தடிப்புமாகத் தோன்றும் அது, அறிகுறி காட்டாமலே இதயத்தையும் தொடக்கூடும்.

அதனை எங்ஙனம் அறிவது? 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்சும், செவிக்கெட்டாத ஒலியை இதயத்தின்மேல் செலுத்தி, எதிரொலியைப் பதிவு செய்தனர். அதுவே 'எக்கோ' சோதனை. இதய உறையில் நீர் கோத்திருப்பதையும் வால்வு தடித்திருப்பதையும் அது காட்டும். தசையின் அழற்சியையும் வடுவையும் காந்த அலைப்படம் தெளிவாக்கும்.

கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. கல்வராயன் மலைச் சிற்றூரில் உங்கள் தமக்கைக்கு மூட்டுவலி நீங்காதிருப்பின், 'வெறும் வாதம்' என்றிராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காலத்தே கண்டால் இதயத்தைக் காக்க வழியுண்டு.