சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை

கடந்த டிசம்பர் விடுமுறையில் உம்மம்மாவின் கண் கிளினிக்குக்காகக் கல்முனையிலிருந்து கண்டிக்குப் போனோம். வாப்பா வாடகைக்கு ஓட்டும் எங்கள் பழைய வானில்தான் பயணம். சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். இரவு முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. பதியத்தலாவையைத் தாண்டி மகியங்கனைக்குப் போகும் வழியில், முன்னால் போன லொறி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அதன் சில்லு கிளப்பிய சேற்றுத் தண்ணீர் எங்கள் முன் கண்ணாடி முழுவதிலும் வந்து அறைந்தது. வாப்பா வைப்பரைப் போட்டார். அது சேற்றைத் துடைக்கவில்லை. சுவருக்குச் சாந்து பூசுவது போல ஒரே சீராகப் பரப்பிவிட்டது. தண்ணீர் அடிப்பதற்காக வைப்பர் பிடியைத் தன் பக்கம் இழுத்தார். தண்ணீர் வரவில்லை.

சில விநாடிகள் எங்களுக்கு முன்னால் வீதியே இல்லை. வாப்பா பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, மெதுவாக ஓரங்கட்டினார். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தபடி உரசுவது போலக் கடந்து போனது. யாரும் பேசவில்லை. உம்மம்மாதான் முதலில் வாய் திறந்தார். "எனக்குத்தான் கண் தெரியல்ல எண்டு பார்த்தா, உங்கட வானுக்கும் தெரியல்லயே!"

குடிக்கக் கொண்டுவந்த போத்தல் தண்ணீரை ஊற்றிக் கண்ணாடியைக் கழுவினோம். பதினெட்டு வளைவு ஏறி முடிவதற்குள் இன்னும் நான்கு தடவை நிறுத்திக் கழுவ வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கணக்குப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீற்றர். மூன்று விநாடி கண்ணாடி மறைந்தால் 50 மீற்றர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதற்குச் சமம்.

உண்மையில் அந்தத் தண்ணீர் பல மாதங்களாகவே வரவில்லை. கராஜில் கேட்டபோது, "மோட்டர் போயிட்டு, மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார்களாம். அது என் ஒரு மாத ரியூசன் காசை விடக் கூட. வாப்பா "பிறகு பார்ப்போம்" என்று இரண்டு போத்தல் தண்ணீரை சீற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவர் அதற்குப் பழகிப்போனார். எனக்குத்தான் கண்டியிலிருந்து வந்த பிறகு அந்த பஸ் ஹோர்ன் காதை விட்டுப் போகவில்லை.

கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஏற்பாடு வாகனத்திலுள்ள மிக எளிமையான ஏற்பாடுகளில் ஒன்று. ஒரு பிளாஸ்டிக் டாங்கி, அதன் அடியில் இறப்பர் வளையமொன்றில் செருகிய கைவிரல் நீளப் பம்பு, அதிலிருந்து மெல்லிய குழாய், நுனியில் ஊசித் துளை போன்ற வாய். இவ்வளவுதான். பம்புக்குள் 12 வோல்ற்றில் ஓடும் சிறிய மோட்டரும் அது சுழற்றும் ஒரு சின்னச் சக்கரமும் இருக்கின்றன. சக்கரம் நடுவால் வரும் தண்ணீரை விளிம்புக்கு வீசி எறிய, அது குழாய் வழியே போகிறது. நுனியிலுள்ள வாய் ஏன் அவ்வளவு சிறியது என்பதற்கு எங்கள் பௌதிகவியல் பாடத்தின் தொடர்ச்சிச் சமன்பாடே விடை. குழாயின் உள்விட்டம் 4 மில்லிமீற்றர், வாயின் விட்டம் 1 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் குறுக்குவெட்டுப் பரப்பு 16 மடங்கு குறைகிறது. ஆகவே தண்ணீரின் வேகம் 16 மடங்கு கூடுகிறது. அந்த வேகம்தான் ஓடும் வண்டியின் எதிர்க்காற்றையும் மீறித் தண்ணீரைக் கண்ணாடியில் சேர்க்கிறது. நடுவில் குழாய் வெடித்திருந்தாலோ எலி கடித்திருந்தாலோ தண்ணீர் அவ்வழியே போய்விடும். வாயில் சொட்டுத்தான் வரும்.

பிழை பார்க்கத் தொடங்கும்போது எந்தச் சாவியும் தேவையில்லை, காது போதும். டாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, வைப்பர் பிடியை ஒருவர் இழுக்க, மற்றவர் டாங்கிக்குப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். 'கிர்ர்' என்ற சத்தம் வந்தால் மோட்டர் உயிரோடுதான் இருக்கிறது; குறை தண்ணீர் போகும் பாதையில். சத்தமே இல்லையென்றால் குறை மின்சாரப் பாதையில், அல்லது மோட்டரில். இந்த ஒரு கேள்வியே வேலையில் பாதியைக் குறைத்துவிடுகிறது. கராஜில் அதைக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வாப்பாவைப் பிடியை இழுக்கச் சொல்லிவிட்டு நான் முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"மகள், அது மோட்டர் போயிட்டு எண்டு சொன்னாங்களே."

"மோட்டர் போனா சத்தம் வருமா வாப்பா? நீங்களே வந்து கேட்டுப் பாருங்க."

வந்து கேட்டார். கொஞ்சம் கீச்சென்று, மெல்லிய சத்தம். வாப்பா ஒன்றும் சொல்லாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குறட்டைத் தேடப் போனார்.

(மதிலுக்கு அப்பால் நின்ற ஒரு மாமி "பொம்புளப் புள்ளைக்கு வானுக்குக் கீழ என்ன வேல?" என்று கேட்டார். வைப்பருக்கு 1903இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் அலபாமாவைச் சேர்ந்த மேரி அண்டர்சன் என்ற பெண். அன்று எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் மாமியிடம் சொல்லியிருக்க மாட்டேன்.)

கார்களில் பெரும்பாலும் பொனட்டைத் திறந்தவுடனேயே டாங்கியின் மூடி தெரியும். அதன்மேல் கண்ணாடியில் தண்ணீர் தெறிக்கும் படம் இருக்கும். றேடியேற்றரின் உபரித் தண்ணீர் நிற்கும் டாங்கியும் சில கார்களில் பக்கத்திலேயே இருப்பதால் படத்தைப் பார்க்காமல் திறக்கக் கூடாது. எங்கள் வானில் டாங்கி முன் சில்லுக்கு மேலே, பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால் இருந்தது.

நுனியிலிருந்து டாங்கியை நோக்கி வந்தோம். முதலில் கண்ணாடிக்குக் கீழுள்ள வாயிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டுப் பிடியை இழுத்தோம். குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்திருந்தால் அடைப்பு வாயில்தான் என்று முடிவுகட்டியிருக்கலாம். பாயவில்லை. அடுத்து, பம்பிலேயே குழாயைக் கழற்றினோம். அங்கும் ஒரு சொட்டு வழிந்ததோடு சரி. மோட்டர் ஓடுகிறது, டாங்கி நிறையத் தண்ணீர், பம்பின் வாயில் ஒன்றுமில்லை. அப்படியானால் தண்ணீர் பம்புக்குள்ளேயே போகவில்லை. கீச்சென்ற சத்தத்துக்கும் அதுதான் காரணம்: தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லாமல் சக்கரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. இப்படி வறட்டில் அதிகநேரம் ஓடினால் நல்ல மோட்டரும் சூடேறிக் கெட்டுப்போகும். சோதிக்கும்போது நாங்கள் ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் இழுக்கவில்லை.

கீழே வாளியை வைத்துவிட்டு, பம்பை மெல்லத் திருகி இறப்பர் வளையத்திலிருந்து இழுத்தோம். வளையத்துக்குள் தொப்பி போன்ற ஒரு சின்ன வலை இருந்தது. அதில் சாம்பலும் பச்சையும் கலந்த, சளி போன்ற ஒன்று அப்பிக் கிடந்தது. விரலில் எடுத்து மணந்து பார்த்தேன். மக்கிய வாடைக்கு நடுவில் எங்கேயோ ஷம்பூ வாசனை.

அது எனக்குத் தெரிந்த வாசனை. இரண்டு வருடங்களுக்கு முன், பெருநாளுக்கு வானைக் கழுவிய அன்று, கண்ணாடி நன்றாகப் பளிச்சிடட்டும் என்று ஷம்பூ பைக்கற்று இரண்டை அந்த டாங்கிக்குள் ஊற்றியது நான்தான். ஷம்பூவும் பாத்திரம் கழுவும் திரவமும் பயன்படாமல் நின்ற தண்ணீரில் கட்டிபடும்; கிணற்றுத் தண்ணீரில் வந்த பாசியும் தூசும் அதில் ஒட்டிக்கொள்ளும். வாப்பா இத்தனை மாதம் போத்தல் தண்ணீரோடு ஓடியதற்கு நானும் ஒரு காரணம். சொன்னேன். வாப்பா சிரித்தார், "வானும் மணக்கட்டும் எண்டு நினைச்சிருப்பாய்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வலையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினோம். டாங்கிக்குள் வெந்நீர் ஊற்றி, குலுக்கி, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஐந்தாறு தடவை அலசினோம். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் நெளிந்துவிடும். பம்பைச் செருகும்போது இறப்பர் வளையத்தை ஈரமாக்கிக்கொண்டால் இலகுவாக இறங்கும். எண்ணெய் பூசினால் அது கண்ணாடிக்கும் வந்து சேரும்.

பிறகு நடந்தது தம்பிக்கு இன்னும் மறக்கவில்லை. எங்கள் வானில் பின் கண்ணாடிக்கும் தண்ணீர் உண்டு. இரண்டுக்கும் ஒரே பம்பு. மோட்டர் ஒரு திசையில் சுற்றினால் ஒரு குழாயில் தண்ணீர் போகும், மின்னோட்டம் திரும்பி எதிர்த்திசையில் சுற்றினால் மற்றதில் போகும். கழற்றும்போது அடையாளம் வைக்காததால் நான் இரண்டு குழாய்களையும் மாற்றிச் செருகிவிட்டேன். வாப்பா முன்பக்கத்துக்கு இழுத்தார். பின்னால் வேடிக்கை பார்த்து நின்ற தம்பியின் முகத்தில் பீய்ச்சியது. கழற்றும் முன் ஒரு குழாயில் நூலாவது கட்டி வையுங்கள்.

மாற்றிச் செருகிய பின் முன்பக்கம் வந்தது, ஆனால் வலது வாயில் மட்டும். இடது வாயில் வெள்ளைப் படிவு. எங்கள் கேத்தலுக்குள் படியும் அதே கல்சியம் காபனேற்று. உம்மாவின் தையல் பெட்டியிலிருந்த மிக மெல்லிய ஊசியால் சுரண்டிவிட்டு, வாயைக் கழற்றி வினாகிரியில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்தேன். ஊசியைத் திணித்து அழுத்தக் கூடாது. துளை பெருத்தால் மேலே சொன்ன 16 மடங்கு கணக்கு குழம்பிவிடும். ஊறிய பின் வெளிப்பக்கமிருந்து உள்நோக்கி ஊதினால் கசடு வந்த வழியே திரும்பும். வினாகிரி வான் பெயின்ற்றில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

சத்தமே வராத வண்டி என்றால் கதை வேறு. மாமாவின் கார் அப்படித்தான் இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள பெட்டியின் மூடியிலிருக்கும் படத்தைப் பார்த்து அதற்குரிய பியூஸைக் கழற்றினோம், நல்லாயிருந்தது. அறுந்திருந்தால் அதே அம்பியர் பியூஸைத்தான் போட வேண்டும். கூடிய அம்பியர் போட்டால் அடுத்த தடவை பியூஸுக்குப் பதில் வயர் எரியும். பிறகு பம்புக்கு வரும் வயர் செருகியைக் கழற்றி, மல்டிமீற்றரின் இரு முனைகளையும் வைத்து, மாமாவைப் பிடியை இழுக்கச் சொன்னேன். 12 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டியது. மின்சாரம் பம்பு வரை வருகிறது, பம்பு சுற்றவில்லை. அங்கே மோட்டரை மாற்றத்தான் வேண்டியிருந்தது. பூச்சியம் காட்டியிருந்தால் வயரையோ சுவிச்சையோ பார்க்க வேண்டும், அது வயரிங் தெரிந்தவரின் வேலை.

இப்போது டாங்கிக்கு மழைத் தண்ணீரைத்தான் வெள்ளைத் துணியில் வடித்து ஊற்றுகிறோம். அதில் படிவு கட்டும் உப்புகள் இல்லை. கண்ணாடிக்கென்றே விற்கும் திரவத்தையும் அதன் போத்தலில் சொன்ன அளவுக்குச் சேர்க்கிறோம். வெறும் தண்ணீர் மாதக்கணக்கில் சூட்டில் நின்றால் லெஜியோனெல்லா என்ற பக்டீரியா அதில் பெருகக்கூடும். பீய்ச்சும்போது அந்தத் துளிகள் மூச்சோடு உள்ளே போகலாம். மூடி உடைந்த டாங்கி நுளம்புக்கும் நல்ல வீடு.

கிழமைக்கு ஒரு தடவையாவது பிடியை இழுத்துப் பார்ப்பது வாப்பாவின் வழக்கமாகிவிட்டது. போன மாதம் உம்மம்மாவை மறுபடி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். போத்தல் தண்ணீரைக் குடித்தோம். இடது வாய் மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்தி அடிக்கிறது, வேகமாகப் போனால் பாதித் தண்ணீர் கூரைக்குப் போகிறது. உள்ளே இருக்கும் சின்ன உருண்டையை ஊசியால் ஒரு மயிரிழை கீழே திருப்ப வேண்டும். தவணைப் பரீட்சை முடியட்டும் என்று வைத்திருக்கிறேன்.