ஊமைக் காவலனைச் சோதித்த ரயில் பஸ்

மீன்சுருட்டியில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலேற வேண்டுமானால் சிதம்பரத்துக்கோ அரியலூருக்கோ பஸ்ஸில் போக வேண்டும். அந்தப் பஸ்ஸே தண்டவாளத்தில் ஓடினால்? அதுதான் ரயில் பஸ். மேற்கு ஜெர்மனியில் 1950 முதல் யூர்டிங்கன் தொழிற்சாலை இத்தகைய வண்டிகளைக் கட்டியது. இரண்டே அச்சுகள், தரைக்கடியில் டீசல் எஞ்சின். கூட்டம் குறைந்த கிளைப்பாதைகளுக்கு இவை போதுமானவை. இவற்றுள் சில, பிற்காலத்தில் அளவைக் கருவிகள் ஏற்றிய சோதனை வண்டிகளாக மாற்றப்பட்டன. அவற்றுக்கு 724 என்ற வரிசை எண் தரப்பட்டது.

எதைச் சோதிப்பதற்கு? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயில் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் ஓடிவிடும். டிரைவர் சிவப்பு விளக்கைச் சில விநாடி கவனிக்கத் தவறினாலும் ஆபத்துதான். ஆகவே, அவர் தவறினால் தானாகவே பிரேக் போடும் ஏற்பாடு ஒன்றை 1930களில் ஜெர்மானியர் அமைத்தனர். அதன் பெயர் இந்தூசி.

அது வேலை செய்யும் விதம் எளியது. எஞ்சினில் உள்ள கம்பிச்சுருள்களில் 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். சிக்னலருகே, தண்டவாளத்தை ஒட்டி ஒரு பெட்டி இருக்கும். அதனுள் ஒரு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் உண்டு. மின்சார இணைப்பு தேவையில்லை. சிவப்பு சிக்னலருகே உள்ள பெட்டி 2000 ஹெர்ட்ஸுக்கு இசைவிக்கப்பட்டது. எஞ்சின் அதைக் கடக்கும்போது ஒத்ததிர்வு உண்டாகி, எஞ்சினின் மின்னோட்டம் சட்டென்று குறைகிறது. உடனே அவசர பிரேக் விழுகிறது. சிக்னல் பச்சையாக இருந்தால், ஒரு மின்தொடர்பு அந்தப் பெட்டியைச் செயலற்றதாக்கிவிடும். ரயில் தடையின்றிச் செல்லும்.

இங்கேதான் சிக்கல். மின்தேக்கி பழுதானாலும் பெட்டி செயலற்றுவிடும் அல்லவா? பழுதான பெட்டியும் பச்சைக்கு வழிவிடும் பெட்டியும் எஞ்சினுக்கு ஒன்றே! காவலன் உறங்கினாலும் 'வழி திறந்திருக்கிறது' என்றே பொருள்படும். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. பெட்டியின் மேலாக ஒரு வண்டி ஓடி, அது எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு நன்றாக இசைகிறது என்று அளந்தால்தான் உண்மை புலப்படும். ரயில் பஸ் செய்தது அதைத்தான். சிறிய வண்டி, தானே ஓடும், தனி எஞ்சின் வேண்டாம். இந்த வேலைக்கு அது மிகப் பொருத்தம்.

பிறகு வந்த ஐரோப்பிய முறையில் இக்குறையைத் தீர்க்க ஒரு வழி செய்தனர். பாதையிலுள்ள கருவி, அடுத்த கருவி எவ்வளவு தூரத்தில் வரும் என்பதையும் எஞ்சினுக்குச் சொல்லிவைக்கிறது. சொன்ன இடத்தில் அது பதிலளிக்காவிட்டால் பழுது என்று எஞ்சின் அறிந்துகொள்ளும். இந்த ஐரோப்பிய முறை 2008-ல் சென்னை–கும்மிடிப்பூண்டி புறநகர்ப் பாதையில் அமைக்கப்பட்டது.

நம் நாட்டிலேயே உருவான 'கவச்' முறையும் ஓட்டிப் பார்த்துத்தான் ஏற்கப்பட்டது. 2016-ல் பயணி ரயில்களில் அதன் சோதனை தொடங்கியது. 2022 மார்ச் 4 அன்று செகந்திராபாத் அருகே நடந்த செயல்விளக்கத்தில், எதிரே நின்ற எஞ்சினுக்கு 380 மீட்டர் முன்னதாகவே மற்ற எஞ்சின் தானாக நின்றது.

ஆனால் ஒரு நாள் வெற்றி போதாது. மழையிலும் வெயிலிலும் தண்டவாளத்தருகே கிடக்கும் கருவி நாளையும் விழித்திருக்குமா என்று யாராவது போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாம் ரயிலில் நிம்மதியாகத் தூங்குவது அதனால்தான்.