கணிப்பீடும் ஆசிரிய பயிலுநரும்

பரீட்சை நடத்திப் புள்ளி வழங்குவதே கணிப்பீடு எனக் கருதுவோர் பலர். கல்வியியல் இதனை இரண்டாகப் பகுத்து நோக்கும். கற்றல் நிகழும்போதே இடர்ப்பாட்டைக் கண்டறிவது ஒன்று. கற்றலின் முடிவில் அடைவை அளப்பது மற்றொன்று. மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் பாட ஏற்பாட்டு மதிப்பீடு குறித்து வகுத்த இவ்வேறுபாட்டைப் பெஞ்சமின் புளூம் மாணவர் கற்றலுக்கு விரித்தார்.

பளைப் பகுதிப் பாடசாலையொன்றிற் பயிற்சி பெறும் ஆசிரிய பயிலுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 52இலிருந்து 27ஐக் கழிக்குமாறு கேட்கிறார். மாணவன் 35 என எழுதுகிறான். பிழையெனக் குறித்து அப்பாற் செல்வது கணிப்பீடாகாது. பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பதே அவன் கைக்கொண்ட விதி. ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றும் படி அவனுக்கு விளங்கவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய தென்னீர்க்குகளில் ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் அது விளங்கும்.

பாடசாலை மட்டக் கணிப்பீடு நடைமுறைக்கு வந்தபின்னரும், தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சையின் வெட்டுப்புள்ளியே நம் சமூகத்திற் பெரிதாகப் பேசப்படுகிறது. 2009 வரை நீடித்த போரினாற் படிப்பு அறுந்த பெற்றோர் பலர் வாழும் பிரதேசம் இது. மொத்தப் புள்ளி பிள்ளையை வரிசையில் நிறுத்தும்; தவறிய படியைக் காட்டாது. அப்படியைத் தேடாத ஆசிரியர், வரலாறு விட்ட இடைவெளியைப் பிள்ளையின் மந்தபுத்தியெனப் பதிந்துவிடுவார்.