பனை, தென்னை ஏறுவோரின் பாதுகாப்பு

தென்னந்தோப்பும் பனங்காடும் உடையவர்கள் எருவிற்கும் நீருக்கும் செலுத்தும் கவனத்தில் ஒரு பங்கையேனும் மரமேறும் தொழிலாளியின் உயிர்மீது செலுத்துதல் வேண்டும். தேங்காயாயினும் பதநீராயினும், அதனை மேலிருந்து இறக்கித் தருபவர் ஒரு மனிதரே. ஐம்பதடி உயரத்திலிருந்து தவறி விழுபவர் இரண்டு நொடிக்குள் தரையை அடைவார்; அப்பொழுது அவரது வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டராகும். உயிர் பிழைப்பினும் முதுகெலும்பு முறிந்தவரின் குடும்பம் அன்றே நிலைகுலைந்து போகின்றது. இவ்விபத்துக்களிற் பல, ஏறுமுன் சிறிது நேரம் சோதித்திருந்தால் தவிர்க்கத்தக்கவை.

மரத்தைச் சோதித்தல்

ஏறுமுன் மரத்தை அடியிலிருந்து கொண்டைவரை சுற்றிப் பார்க்கவேண்டும். தஞ்சாவூர் வாடல் நோய் கண்ட தென்னையில் அடித்தண்டிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு வடியும். உள்ளே தண்டு அழுகியிருக்கும். சிவப்புக் கூன்வண்டு துளைத்த மரத்தில் துளைகளும், மென்று தள்ளிய நாரும் காணப்படும். இவ்வித மரங்களில் ஆளை ஏற்றலாகாது. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகளைச் சாய்த்தது யாவரும் அறிந்ததே. புயலுக்குத் தப்பி நிற்கும் மரமும் வேர் அசைந்திருக்கக் கூடும். அடிமண் வெடித்திருப்பின் அதனை நம்பலாகாது. கொண்டையில் கதண்டுக் கூடோ தேனடையோ உண்டா என்பதையும் கீழிருந்தே பார்த்தல் அவசியம்.

கருவிகள்

பனை ஏறுவோர் காலில் பூட்டும் தளைநாரும், மரத்தடியில் சாய்த்து முதற்படியாக மிதிக்கும் முருக்குத்தடியும் வழிவழியாக வந்த நல்ல கருவிகள். ஆயினும் நார் காய்ந்து இற்றுப்போனால் முன்னறிவிப்பின்றி அறும். ஆகையால் நாள்தோறும் ஏறுமுன் அதனை முறுக்கியும் இழுத்தும் பார்த்து, ஐயமுள்ளதை எறிந்துவிடுக. முருக்குத்தடியின் அடி வழுக்காத தரையில் ஊன்றியிருத்தல் வேண்டும். அரிவாளைக் கையிற் பிடித்து ஏறாமல் இடுப்புப் பெட்டியில் வைத்தே ஏறவேண்டும்.

தென்னைக்குக் கேரளத்தின் செம்பேரி ஊரினரான ஜோசப் என்பவர் அமைத்த மரமேறும் கருவி இன்று பரவலாக வழங்குகின்றது. இரு சட்டங்களை மரத்தோடு கம்பிவடத்தால் பிணைத்து, ஒன்றன்பின் ஒன்றாக உயர்த்தி ஏறுவது இதன் முறை. வடத்தில் இழை அறுந்துள்ளதா, பூட்டு சரியாக விழுந்துள்ளதா என்று பார்க்காமல் தரையைவிட்டுக் கால் எடுக்கலாகாது. மிகவும் சாய்ந்த மரத்திற்கு இக்கருவி ஏற்றதன்று. எக்கருவியாயினும், மார்பும் தொடையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டையை அணிந்து, அதன் கயிற்றை மரத்தோடு பிணைத்துக்கொள்வதே உயிர்க்காவல். கொண்டையை அடைந்தபின் காய்ந்த மட்டையைப் பற்றுதல் பெருந்தவறு.

படி வெட்டலாகாது

ஏறுவதற்கு எளிதென்று தென்னையில் படி வெட்டும் வழக்கம் சில தோப்புகளில் உண்டு. தென்னைத் தண்டில் உண்டான காயம் மற்ற மரங்களிற்போல மூடி ஆறுவதில்லை. அவ்வெட்டில் நீர் தங்கி அழுகும். கூன்வண்டு முட்டையிடவும் அது இடமாகும். அழுகிய படியே பின்னொருநாள் காலை வாரிவிடும். மரத்திற்கும் மனிதருக்கும் ஒருங்கே தீங்கான இவ்வழக்கத்தை நிலமுடையோர் நிறுத்தவேண்டும்.

மழையும் மின்கம்பியும்

மழையில் நனைந்து பாசி படர்ந்த தண்டில் ஏறுதலும், இடி முழங்கும்போது ஏறுதலும் கூடா. வியாபாரி வண்டியோடு காத்திருக்கின்றார் என்பதற்காக ஈரமரத்தில் ஆளை ஏறச் சொல்லும் உரிமையாளர், சில மணி நேரத்தை மிச்சப்படுத்த ஓர் உயிரைப் பணயம் வைக்கின்றார். மின்கம்பிக்கு அருகேயுள்ள மரமாயின், மின்வாரியத்தாரிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பின்னரே ஏறவேண்டும். உலோகத் தொரட்டியைக் கம்பிக்கருகே உயர்த்துதல் சாவை அழைப்பதாகும். காய் விழும் எல்லைக்குள் சிறுவரும் கால்நடையும் வாராதபடி ஒருவர் கீழே காவல் நிற்றல் நலம்; தனியே எவரும் ஏறலாகாது.

விழுந்தவருக்கு உதவி

விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்தலும், வாயில் நீர் ஊற்றுதலும், தோளிற் சுமந்து ஓடுதலும் தீங்கு. தலையும் கழுத்தும் அசையாமல் கிடத்தி, 108 ஊர்தியை அழைக்கவேண்டும். அகற்றியே தீரவேண்டுமாயின், நால்வர் சேர்ந்து உடல் வளையாமல் ஒரு பலகையின்மேல் ஏற்றுக.

நிலமுடையோர், அதிகாரிகள் கடமை

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டில் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்னும் பயிற்சியைத் தொடங்கியது. மரமேறுவோருக்கான விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் அவ்வாரியத்தினிடம் உண்டு. பனைத் தொழிலாளருக்குத் தமிழ்நாட்டில் தனி நலவாரியம் இருக்கின்றது. பதிவு செய்யாதவர் குடும்பத்திற்கு விபத்துக்குப்பின் அவ்வுதவி கிட்டுதல் அரிது. ஆகவே தொழில் தொடங்குமுன்னரே ஊரிலுள்ள மரமேறுவோர் யாவரும் பதிவு பெற்றுள்ளனரா என்று கிராம நிர்வாக அலுவலர்கள் விசாரித்து, வேண்டிய உதவி செய்தல் நன்று. நிலமுடையோர் பாதுகாப்புப் பட்டை ஒன்றைத் தோப்பிலேயே வாங்கிவைத்து, அதனை அணியாதவரை ஏற விடாதிருப்பாராக. இன்று ஏறியவர் மாலையில் நலமே இறங்கி வந்தால்தான் நாளைய வெட்டும் நடைபெறும்.