ஓட்டத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களை வாட்டும் முழங்கால் வலி: காரணம் தேய்மானமா, அவசரமா?

புதுதில்லி: மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் பணிக்காகப் பணியாளர் தேர்வு ஆணையம் (எஸ்எஸ்சி) நடத்தும் எழுத்துத் தேர்வில் வென்றவர்களுக்கு அடுத்துக் காத்திருப்பது ஓட்டம். ஆண்கள் 5 கி.மீ. தொலைவை 24 நிமிடங்களுக்குள்ளும், பெண்கள் 1.6 கி.மீ. தொலைவை எட்டரை நிமிடங்களுக்குள்ளும் கடக்க வேண்டும். இதற்கு மதிப்பெண் இல்லை. தகுதி பெற்றால் போதும். ஆனால், நேரம் தவறினால் அதுவரை படித்த படிப்பு பயனற்றுப் போகும். 2024-ஆம் ஆண்டு முதல் இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதால், தமிழக இளைஞர்களுக்கும் இது நெருக்கமான கவலையே.

மாதக்கணக்கில் அமர்ந்து படித்தவர்களில் பலர், முடிவு வெளியானதும் மைதானத்தில் இறங்கி, முதல் வாரத்திலேயே நாள்தோறும் 5 கி.மீ. ஓடத் தொடங்கிவிடுகின்றனர். சில வாரங்களில் முழங்காலின் முன்புறம், சில்லைச் சுற்றி மந்தமான வலி தலைகாட்டுகிறது. படி இறங்கும்போதும், குந்தி எழும்போதும், பேருந்தில் நெடுநேரம் காலை மடக்கி அமர்ந்திருக்கும்போதும் அது கூடுகிறது. ஓட்டக்காரர்களிடையே 'ரன்னர்ஸ் நீ' என்று பெயர் பெற்ற இவ்வலி, ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது.

கிணற்று ராட்டினம் போல...

தசைநாணுக்குள் பதிந்து வளரும் எலும்புகளில் உடலிலேயே மிகப் பெரியது முழங்கால் சில்லு. கிணற்றுக் கயிற்றுக்கு ராட்டினம் எப்படியோ, தொடையின் முன்தசைக்கு அது அப்படி. தசையின் இழுவிசையை மூட்டின் மையத்திலிருந்து சற்று முன்னே தள்ளி, குறைந்த விசையில் காலை நீட்ட உதவுகிறது. கால் நேராக இருக்கும்போது சில்லின் மீது அழுத்தம் மிகக் குறைவு. முழங்கால் மடங்க மடங்க, அது தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்துக்குள் இறங்கி அழுந்துகிறது.

சமதரையில் நடக்கும்போது இந்த அழுத்தம் உடல் எடையில் ஏறத்தாழப் பாதி. படிகளில் அது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. ஆழமாகக் குந்தி எழும்போது ஏழு மடங்குக்கும் மேல் போகலாம் என்பது 1972-ஆம் ஆண்டிலேயே கணக்கிடப்பட்ட ஒன்று. 60 கிலோ எடையுள்ளவர் படியேறினால், சில்லுக்குப் பின்னால் சுமார் 200 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் ஏற்படுகிறது. ஓட்டத்திலும் இவ்வழுத்தம் உடல் எடையைப் போல் பல மடங்காகிறது. நிமிடத்துக்கு 170 அடிகள் வீதம் 24 நிமிடம் ஓடுபவரின் ஒவ்வொரு காலும் சுமார் 2,000 முறை தரையில் மோதும். ஓட்டம் முடிந்ததும் கால் வலுப்பெற வேண்டும் என்று தோப்புக்கரணமும் படியேற்றமும் சேர்த்துக்கொண்டால், நொந்த மூட்டுக்கு அது இரட்டைச் சுமை.

குறை எப்போதும் சில்லில் மட்டும் இருப்பதில்லை. அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் பவர்ஸ் குழுவினர், சில்லு விலகும் பாதிப்புள்ள பெண்களிடம் எம்ஆர்ஐ மூலம் நடத்திய சிறிய ஆய்வு 2003-இல் வெளியானது. ஒற்றைக் காலில் எடை தாங்கியபோது, சில்லு இடம் பெயர்ந்ததைவிட, அதற்கு அடியில் தொடை எலும்பு உள்நோக்கித் திரும்பியதே முக்கிய மாற்றமாக அதில் தெரிந்தது. தொடை எலும்பு அவ்வாறு திரும்பாமல் பிடித்து நிறுத்துபவை இடுப்புத் தசைகள். முழங்கால் வலிக்கு இயன்முறை மருத்துவர்கள் இடுப்புக்கும் பயிற்சி தருவது இதனால்தான்.

தேய்மானம் என்ற அச்சம்

'எலும்பு தேய்ந்துவிட்டது' என்ற சொல்லைக் கேட்டதும் 20 வயது இளைஞர் இடிந்துபோவது இயல்பே. ஆனால், சில்லின் பின்புறமுள்ள குருத்தெலும்பில் வலியுணரும் நரம்புகள் இல்லை. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஸ்காட் டை, இதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். மூட்டுக்குள் மயக்க மருந்து செலுத்தாமல், தம் இரு முழங்கால்களின் உட்பகுதிகளையும் கருவியால் தொடச் செய்து, உணர்ந்ததைப் பதிவு செய்தார். 1998-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மூட்டின் உட்சவ்வையும் கொழுப்புத் திண்டையும் தொட்டபோது கடும் வலி; சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது எந்த உணர்வும் இல்லை. எல்லோரும் செய்து பார்க்கக்கூடிய சோதனையன்று. எனினும், ஸ்கேன் படத்தில் தெரியும் தேய்மானமே வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதை அது காட்டியது.

மூட்டும் தசையும் பழகும் வேகத்தைவிடச் சுமை விரைவாகக் கூடுவதே ஓட்டக்காரர்களின் வலிக்குப் பெரும்பாலும் தூண்டுகோல். கனடாவின் லாவல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இவ்வலியுள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து 8 வாரங்கள் பயிற்சி அளித்தனர். ஒரு குழுவுக்கு ஓட்டச் சுமையை வலிக்கேற்பக் கையாளும் அறிவுரை மட்டும்; இன்னொன்றுக்கு அதனுடன் தசைப் பயிற்சி; மூன்றாவதற்கு அதனுடன் ஓடும் முறையில் திருத்தம். 2018-இல் வெளியான முடிவு பலரையும் வியக்க வைத்தது: மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறின.

அந்த அறிவுரை ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பத்துக்கு இரண்டு என்ற அளவைத் தாண்டாத வலியுடன் ஓடலாம்; ஓடி முடித்த 60 நிமிடங்களுக்குள் வலி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அன்றைய ஓட்டம் மிகை. ஒரே நாளில் நெடுந்தொலைவு ஓடுவதற்குப் பதிலாகக் குறைந்த தொலைவைப் பல நாள்களுக்குப் பிரித்து ஓடுவது, வலி தணியும்வரை வேக ஓட்டத்தையும் படிகளையும் இறக்கங்களையும் தவிர்ப்பது ஆகியவையும் அதில் அடங்கும்.

அடியின் நீளத்தைக் குறைப்பதும் பலருக்குக் கைகொடுக்கிறது. அதே வேகத்தில், நிமிடத்துக்கான அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்கால் தாங்கும் சுமை குறைவதை, விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2011-இல் காட்டியது. 160 அடிகள் வைப்பவர் 168-க்கு மாறினாலே 5 சதவீதம் ஆகிவிடும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் 'நீ கேப்' உறை தற்காலிக ஆறுதல் தரலாம். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடுவதுதான் ஆபத்து. சுமை மிகுந்ததைச் சொல்லும் ஒரே அறிகுறியையும் அது மறைத்துவிடுகிறது.

முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் நழுவினாலோ, இரவில் தூக்கம் கெடும்படி வலித்தாலோ அது வேறு பாதிப்பாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே முன்னெலும்பில் விரல் வைத்த ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக வலித்தால், அது எலும்பில் ஏற்பட்ட நுண்விரிசலாக இருக்கக்கூடும். மேற்சொன்ன 'வலியுடன் ஓடலாம்' என்ற விதி அதற்குப் பொருந்தாது. அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.