சன்னலோரம் ஒரு மணி நேரம்

பிரிட்டனில் ஜனவரி மாதம் காலை எட்டு மணி வாக்கில்தான் பொழுது விடியும். மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். வெளியே போக மனம் வராத அந்தக் குளிரில், மாதக் கடைசி வாரயிறுதியில் பல லட்சம் பேர் தேநீரும் கையுமாகச் சன்னலோரம் உட்கார்ந்து தோட்டத்துப் பறவைகளை எண்ணுகிறார்கள். ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1979-இல் சிறுவர்களுக்காகத் தொடங்கிய கணக்கெடுப்பு இது.

ஒரு மணி நேரம் போதும். வந்த பறவைகளையெல்லாம் கூட்டக் கூடாது. ஓர் இனத்தில் ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தன என்பதுதான் கணக்கு. ஒரே ராபின் நாலு தடவை வந்து போனாலும் ஒன்றுதான். தலைக்கு மேலே பறந்து போனவை சேராது. தோட்டத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும்.

பல ஆண்டுகளாக முதலிடம் நமக்கும் பழக்கமான அதே சிட்டுக்குருவிக்கு. ஆனாலும் மனம் கனக்கிறது: 1979-ஐப் பார்க்க, ஒரு தோட்டத்துக்கு வரும் குருவிகள் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன. பிள்ளைகள் தாளில் இழுத்த கோடுகளும் சேர்ந்துதான் அதைக் காட்டிக்கொடுத்தன.

ஒரு பறவையும் வரவில்லையா? அதையும் எழுதி அனுப்பச் சொல்கிறார்கள்.