காரின் தலைக்கு மேல் ஒரு விசில்!

கார்த்திகை பிறந்தால் சபரிமலை டாக்ஸிகளின் தலையில் மூட்டை ஏறும். மே மாதம் வந்தால் சொந்தக் கார்களின் முறை. டிக்கியில் அடங்காத பெட்டிகளுக்காக, கூரையின் குறுக்கே இரண்டு கிராஸ் பார் வாங்கி மாட்டுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் மலிவான இரும்புக் குழாயும் கிடைக்கும், அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள அலுமினிய பாரும் கிடைக்கும். எது வாங்கினாலும் ஊர் தாண்டி வேகம் பிடிக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். தலைக்கு மேல் 'ஊ...' என்று ஒரு ஊளை. “ஏன்டா, கண்ணாடியைச் சரியா ஏத்தலையா?” என்று பின்சீட்டிலிருந்து அம்மா கேட்பார்.

காற்றுக்குக் குறுக்கே நிற்கும் கம்பி சும்மா இருக்காது. அதன் பின்பக்கம் காற்று மேலும் கீழும் மாறி மாறிச் சுழல்களாக உதிரும். அந்தத் துடிப்பைத்தான் ஊளையாகக் கேட்கிறோம். செக் இயற்பியலாளர் ஸ்ட்ரூஹல் 1878இலேயே இதற்குக் கணக்குச் சொல்லிவிட்டார். காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, 0.2ஆல் பெருக்க வேண்டும். 25 மி.மீ. உருட்டுக் குழாயோடு 90 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்குச் சுமார் 200 அதிர்வுகள். வேகம் ஏற ஏற சுருதியும் ஏறும். சத்தமோ அதைவிட வேகமாக ஏறும்: இந்த வகை ஒலியின் திறன், வேகத்தின் ஆறாம் அடுக்கில் கூடுகிறது. 80இலிருந்து 100க்குப் போனாலே ஏறத்தாழ நான்கு மடங்கு. கடை வாசலில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு 'சத்தமே இல்லை சார்' என்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

உங்கள் காரில் குச்சி ஏரியல் இருந்தால் அருகே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அதன்மேல் சுருளாக ஒரு மெல்லிய மேடு ஓடும். அழகுக்காக வைத்ததல்ல அது. சுழல்கள் முழு நீளத்துக்கும் ஒரே தாளத்தில் உதிராமல் உடைத்துவிடுகிற ஏற்பாடு. ஆலைப் புகைபோக்கிகளின் உச்சியில் சுருளாகத் தகடு சுற்றியிருப்பதும் இதே தத்துவம்தான்; அங்கே சத்தத்துக்குப் பதிலாக ஆட்டத்தைக் குறைக்கிறார்கள். கையில் இருப்பது உருட்டுக் குழாய்தான் என்றால், நைலான் கயிற்றை இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றிக் கட்டுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஊளை குறையும்.

புதிதாக வாங்குவதென்றால் சதுரக் குழாய் வேண்டவே வேண்டாம். விமான இறக்கை வடிவ அலுமினிய பார்தான் என் சிபாரிசு. அதிலும் தடித்து உருண்ட விளிம்பு முன்னால், மெலிந்த விளிம்பு பின்னால் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் கொடுத்த காசு வீண். பாரின் மேல் உள்ள நீளப் பள்ளத்தை ரப்பர் பட்டையால் முழுக்க மூடுங்கள். திறந்து கிடந்தால் காலி பாட்டில் வாயில் ஊதினாற்போல் விசிலடிக்கும். இரு முனை மூடிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டும் இடத்தில் காற்று வேகமெடுக்கும் என்பதால், கையேடு அனுமதிக்கும் அளவுக்கு முன் பாரைப் பின்னுக்குத் தள்ளுவது நல்லது. வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டால் பெட்ரோலும் மிச்சம்.

'கேரியரே எதற்கு, சாமானைக் குறையுங்கள்' என்பார்கள் சிலர். ஐந்து பேர் ஏறிய சின்ன காரில் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எனக்குச் சத்தத்தைவிடப் பெரிய கவலை டம்மி ரெயில். கூரையின் இரு ஓரமும் வெள்ளி நிறத்தில் நீளமாக ஓடுமே, அதில் எது நிஜம் எது வேஷம் என்று கார் வைத்திருப்பவருக்கே தெரியாது. நிஜ ரெயில், கூரையின் உலோகத்தோடு போல்ட் போட்டு முடுக்கியது. டம்மி, பசையிலோ கிளிப்பிலோ நிற்கும் அலங்காரம். கம்பெனியிலிருந்தே டம்மியோடு வரும் மாடல்களும் உண்டு. 'இதில் சுமை ஏற்றாதீர்கள்' என்று கையேட்டில் போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்? “போடுங்க சார், வண்டிக்கு லுக்கே வேற” என்று கடையில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். அடுத்த மாதம் அதே ரெயிலைப் பிடித்து கிராஸ் பார், அதன்மேல் 40 கிலோ பெட்டிகள். வெயிலில் காயும் பசையை நம்பி, 90 கி.மீ. வேகத்தில் சடாரென்று பிரேக் அடித்தால் அந்தப் பெட்டிகள் முப்பது கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் தாவப் பார்க்கும். பின்னால் பைக்கில் வருகிறவர்களுக்கு ஆபத்து வேறு வகை: எதிர்க்காற்று பாரைத் தூக்கிப் பிய்த்தெறியும்.

சத்தமில்லாத பார் இங்கேதான் என்னைப் பயமுறுத்துகிறது. பழைய குழாய் ஊளையிட்டபோது, காது வலிக்கிறதே என்றாவது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தோம். இப்போது தலைக்கு மேல் பாரம் இருப்பதே மறந்துபோய், நான்குவழிச் சாலையில் சட்டம் அனுமதிக்கும் 100ஐத் தொட்டுவிடுகிறோம்.

ரெயிலே இல்லாத கார்களுக்கு, கதவுச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் வகை இருக்கிறது. அந்தந்த மாடலுக்கென்றே செய்த கிட் தேவை. அம்பாசிடர் காலத்தில் கூரை ஓரத்து மழைநீர்க் காடியில் கிளாம்ப் போட்டு முறுக்கினோம். இன்றைய கார்களில் அந்தக் காடி இல்லை. எதை மாட்டினாலும் முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, ஆலன் கீயால் மறுபடி முறுக்கிப் பாருங்கள். பல சின்ன கார்களின் கூரை வரம்பு 50 கிலோதான். பாரின் எடையும் அதற்குள் அடக்கம்.

கையேட்டில் 'ரூஃப் லோடு' என்ற வரியைத் தேடுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் கூரையில் எதையும் ஏற்றாதீர்கள். வாங்கும் பார் எத்தனை கிலோ தாங்கும் என்பதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.